கதவிடுக்கில் செருகிய சீப்பு

அனுப்புநர்:
நீதிமன்றத் தட்டச்சர்,
ஐந்தாம் தளம், மாடிப்படியை ஒட்டிய வீடு,
வாரியக் குடியிருப்பு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்பு வாரியம்.

பொருள்: லிஃப்ட் மெக்கானிக்கின் இடமாற்றத்தை ரத்து செய்து, அவரை இதே கட்டடத்துக்குத் திருப்பி அனுப்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். ஊரார் மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்த நான், எனக்காக எழுதும் முதல் மனு இது.

2. எங்கள் லிஃப்ட் அடிக்கடி நடுவழியில் நிற்பதற்கு மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம் என்று முடிவுகட்டி, தாங்கள் அவரை ஊர்க்கோடியில் உள்ள நீரேற்று நிலையத்துக்குத் தூக்கியடித்துவிட்டீர்கள். அது தவறு. லிஃப்டை நிறுத்தியவள் நான். ஓடும்போது மடக்குக் கதவை விரலளவு திறந்து, இடுக்கில் சீப்பைச் செருகினால் போதும், நின்றுவிடும். முதல் தடவை மட்டும் அது தானாக நின்றது. மற்றவை அனைத்தும் என் கைங்கரியம்.

3. அந்த முதல் தடவை, உதிரிபாகம் வந்து சேரும்வரை அவர் நான்காம் தளத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுக்கு வழியாக என்னுடன் பேசிக்கொண்டே இருந்தார். "பயப்படாதீங்க மேடம், நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். என் அக்கா இறந்த பிறகு யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன்.

4. அதன்பின் ஒவ்வொரு முறையும் அவர் சீப்பைக் கண்டுபிடித்தார். "கீழ விழுந்து கிடந்துச்சு மேடம், பத்திரமா வச்சுக்கோங்க" என்று துடைத்துக் கொடுப்பார். தங்கள் விசாரணையிலும், ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை என மட்டுமே சொன்னாராம். தொழில் தெரிந்த மனிதர், என்னைக் காட்டிக்கொடுக்காமல், தொழில் தெரியாதவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். இதை நான் காதல் என்றே எடுத்துக்கொள்கிறேன். தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அது தங்களிடமே இருக்கட்டும்.

5. அவருக்கு மனைவி இருப்பதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னை மாடிப்படியில் மறித்துச் சொன்னார். "வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கோங்க" என்றும் அறிவுரை கூறினார். நான் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளக் கேட்கவில்லை. லிஃப்டைப் பார்த்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். என் வயதுக்கு ஐந்து மாடி ஏறுவது ஏற்றதா என்பதையும் செயலாளர் விளக்கினால் நல்லது.

6. போன தடவை நான் லிஃப்டை நிறுத்தியபோது, தாங்கள் அனுப்பிய புதிய மெக்கானிக் வந்த வேகத்தில் கதவைத் திறந்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டார். அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் என் புகார்.

ஆகவே, பழைய மெக்கானிக்கின் கெட்ட பெயரை நீக்கி, அவரை உடனே இங்கு அனுப்பும்படி வேண்டுகிறேன். அபராதம் போடுவதானால் என்மீது போடுங்கள், கட்டுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். இம்மனுவை இடுக்கு வழியாக நீட்டிக் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீரும் ஒரு முக்காலியும் என்னிடம் உள்ளன. சீப்பை அவரைத் தவிர வேறு யாரும் தொட அனுமதிக்க மாட்டேன். வந்ததும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பார். இந்த முறை உண்மையைச் சொல்வதாக இருக்கிறேன்: இன்னும் சாப்பிடவில்லை.

நாள்: திங்கட்கிழமை, தங்கள் அலுவலக நேரத்துக்குள்
இடம்: மூன்றாம் தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் இடையில்

இப்படிக்கு,
(கையொப்பம்)
லிஃப்டை நிறுத்தியவள்