நம் இரு பிள்ளைகளுக்கும் போட்ட ஊசி

அக்கா,

இன்று காலை உட்லண்ட்ஸ் பாலிகிளினிக்கில் மகளின் இருமலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து அறையில் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டது. மஞ்சள்காமாலை அளவு பார்க்கக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். கதவு திறந்தபோது ஸ்பிரிட் வாசனை வந்தது. உடனே உங்கள் முகம்தான்.

நாம் அறிமுகமானது மகப்பேறு வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். இருவருக்குமே மாதம் நிறையும் முன்பே வலி. பிள்ளை முந்திப் பிறந்துவிட்டால் மூச்சுக்குத் திணறக் கூடாது, நுரையீரல் சீக்கிரம் முதிரட்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தீர்கள்.

"நம்ம ரெண்டு பிள்ளையும் ஒரே ஊசிக்காரங்க லா."

என் வலி அடங்கியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு அடங்கவில்லை. உங்கள் மகன் ஒரு பகல்கூட முழுதாக இருக்கவில்லை. ஜோகூருக்கு வேலைக்குப் போயிருந்த உங்கள் கணவர் எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு நிறைமாதத்தில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்த சில நாளில் அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளித்தது. மறுபடி அதே மருத்துவமனை. கண்ணை மூடிக் கட்டி, நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள்.

"அந்த ஊசிதான் காரணம். அப்பவே வேணாம்னேன்" என்றார் மாமியார்.

டாக்டரிடம் கேட்டேன். "ஊசியாலதான்னு உறுதியா சொல்ல முடியாதுமா. ஊசி போடாத நிறைமாசப் பிள்ளைங்களுக்கும் இது நிறைய வரும். லைட்ல வெச்சா இறங்கிடும்" என்றார். மனம் ஆறவில்லை.

அன்று மாலை நீங்கள் வந்தீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் மஞ்சளுக்காக அழுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அழுமா. உன் பிள்ளை, உன் பயம். என்னைப் பார்த்து ஏன் அடக்குற?"

"அந்த ஊசியைப் போட்டிருக்கவே கூடாதுக்கா."

நீங்கள் விளக்கின் அருகே போனீர்கள். "அப்படிச் சொல்லாத. என் பையன் அழுதான், தெரியுமா? அவ்ளோ சின்னவன், மூச்ச இழுத்து ஒரே ஒரு தடவை அழுதான். அந்த ஊசி கொடுத்த மூச்சுன்னுதான் நான் நெனச்சிக்கிறேன். இல்லன்னா அவன் குரலே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

பிறகு என் மகளின் உள்ளங்கையில் விரலை வைத்தீர்கள். அவள் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் அழுதீர்கள்.

மஞ்சள் இறங்கியது. மகள் வளர்ந்தாள். தீபாவளிக்குத் தேக்கா கடைகளில் அவளுக்குப் பாவாடை எடுப்பதும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து நிற்பதும் நீங்கள்தான். உங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. போன வருடம் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோயிற்று.

அடக்கப் பூசை முடிந்ததும் உங்கள் கணவர் என்னைத் தேவாலயத்தின் பக்கவாசலுக்கு அழைத்தார்.

"எங்க பையன்... பொறந்தப்ப அழுதானா? உங்ககிட்ட அவ ஏதும் சொல்லியிருக்காளா? இத்தனை வருஷமா அவகிட்ட கேட்க எனக்குத் தைரியமே வரல."

"அழுதான் அண்ணே. மூச்ச இழுத்து அழுதான். அக்கா காதால கேட்டாங்க."

"அழுதான்" என்று அவர் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அந்தக் குரலை நான் கேட்டதில்லை அக்கா. கேட்ட நீங்களும் இப்போது இல்லை. அப்படி ஒரு குரல் இருந்தது என்று சொல்ல நான் இருக்கிறேன்.