வெல்டருக்கு மறுபரீட்சை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? தன் கல்யாண வேலையில் பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே தொழிற்பயிற்சி முறையையே அடியோடு மாற்றிவிட்டார்கள். பழைய சான்றிதழ் செல்லாதாம்; இருபது வருட வெல்டரும் மறுபடி பரீட்சை கொடுக்க வேண்டும். நேற்று கொடுத்தேன். சின்னப் பற்றவைப்புதானே என்று, வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்துவிட்டேன். முகமூடி மேஜையிலேயே கிடந்தது.

பரீட்சை வைத்த பெண்ணுக்கு நம் பாப்பா வயதுதான் இருக்கும். பதறிப்போய், “இத்தனை வருஷமா இப்படியேவா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்றாள்.

“நாங்க கத்துக்கிட்டப்போ நாலு பேருக்கு ஒரு முகமூடிம்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவள் சிரிக்கவில்லை. நான் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, “வேலை சுத்தமா இருக்கு” என்றாள். ஆனாலும் ஃபெயில்.

இனி ஆறு மாதம் வகுப்பு. அதுவரை லீவு கிடையாது, கல்யாணத்துக்கும்தான். பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். கல்யாணப் போட்டோவை நன்றாகப் பெரிதாகப் போட்டு அனுப்பு. கடிதத்தையும் கொட்டை எழுத்தில் எழுது. அறையில் வெளிச்சம் போதவில்லை, வேறொன்றுமில்லை.