ஹெலினா எழுதிய பாடம்

அன்புள்ள தோழி,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். கோபம் தீராவிட்டாலும் முழுக்கப் படித்துவிடு.

மண்ணூர்பேட்டை முதியோர் கல்வி வகுப்பின் ஆசிரியை ஹெலினாவுக்குப் பாடத்திட்டம் தயாரிக்கப் பயிற்சி கொடுத்தது நான்தான். "படிக்க வருகிறவர்களுக்கு எது அவசரமோ, அதிலிருந்து ஆரம்பி" என்றேன். நீ சொன்னதுதான் அது. உன் பெயரைச் சொல்லவில்லை.

வகுப்புக்கு வரும் பெண்களிடம் அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் கைநாட்டு வாங்கும் காகிதங்களையே அவள் பாடமாக்கினாள். போன வாரம் ராஜகுமாரி என்கிற மாணவி அப்படி ஒரு காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நானே வேலைய உட்டு நின்னுக்கறேன்னு எழுதிக்கீது. நான் எப்ப சார் அப்டி சொன்னேன்?" என்று மேனேஜரையே கேட்டுவிட்டாள். கைநாட்டும் வைக்கவில்லை.

கம்பெனி புகார் கொடுத்தது. இன்று விசாரணை. "இந்தப் பாடத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்றார் அதிகாரி. ஹெலினா தலைகுனிந்து நின்றாள். எனக்குத் தெரியாது என்றிருந்தால் என் வேலை தப்பியிருக்கும். "நான்தான் சார்" என்றேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் இதே கேள்வியைக் கேட்ட அன்று நீ என்னைப் பார்த்தாய். அனுமதி கொடுத்திருந்த நான் ஜன்னலைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை முடிவு சொல்வார்கள். வகுப்பையே மூடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ எதுவும் பேச வேண்டாம். அன்று வந்து அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் தோழி என்று போட்டுக்கொள்ளத் தயங்கும்
நான்