பத்தாவது ஆள்

3 மார்ச் 1957, ஞாயிறு

ஆள் சேர்ந்தாச்சு! சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக் கடையில் எங்கள் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். நடிகர் மேகவண்ணனுக்கு ரசிகர் மன்றம்! செயலாளர் நான்தான், வேறு யார்? அடுத்த மாதம் அவர் புதுப்படம் வருகிறது. முதல் காட்சியில் பத்துப் பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொட்டகையையே அதிர வைக்க வேண்டும்.

அதற்கு முன் மன்றத்தைப் பதிவு செய்யணும் என்றேன்.

"கை தட்டுறதுக்குமாடா லைசென்ஸ்?" என்றான் நெய்னா முகம்மது.

"நாம என்ன ரௌடிக் கூட்டமா? எல்லாம் முறையா இருக்கணும்லா."

எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

4 மார்ச்

மன்றப் பதிவுக்கான பாரம் முழுக்க இங்கிலீஷ். அகராதியோடு மல்லுக்கட்டி நானே நிரப்பினேன். நோக்கம்: மேகவண்ணன் திரையில் வரும்போது கை தட்டுதல், வில்லன் வந்தால் திட்டுதல். உண்மையைத்தானே எழுதணும்? பத்துப் பேர் பெயர், விலாசம், எல்லாம் கொடுத்தாச்சு.

11 மார்ச்

சங்கப் பதிவு ஆபீஸ் கவுண்டரில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர். நம்ம ஆள்தான். ஆனால் சிரிக்கவே இல்லை.

"உங்க தலைவர் யாரு?"

"மேகவண்ணன், சார்."

"எங்க இருக்காரு?"

"மெட்ராஸ்ல."

'வெளிநாட்டுத் தலைவருக்குக் கட்டுப்பட்ட கூட்டம்' என்று எழுதிக்கொண்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். மடையன்!

26 மார்ச்

பக்கத்து மேசையில் ஒரு மீசைக்காரர். ஒரே கோப்பியை இரண்டு மணி நேரம் குடித்தார், நோட்டில் எழுதினார். மப்டி போலீஸ்! பயத்தில் எல்லாரும் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடினோம். எங்கள் மன்றத்துச் சரஸ்வதி மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரிடம் போன படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எழுதிக்கங்கண்ணே. இடைவேளைக்கு அப்புறந்தான் முக்கியம்."

அவரும் எழுதினார்.

9 ஏப்ரல்

மறுத்துட்டாங்க. காரணம்? அது கிடையாது. ஓடிப்போய்ப் பாலகிருஷ்ணன் சாரிடம் கேட்டேன்.

"பதிவு இல்லாம பத்துப் பேர் சேர்ந்தா குற்றம், தம்பி."

"ஒன்பது பேர் சேர்ந்தா?"

"அது சும்மா பிரண்ட்ஸ்."

அட பாவிங்களா. நட்புக்கும் ஜெயிலுக்கும் நடுவுல ஒரே ஒரு ஆளா?

10 ஏப்ரல்

யார் வெளியே போவது? எல்லாரும் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"நீதானடா போய் எண்ணிக் குடுத்துட்டு வந்தே," என்றான் நெய்னா. மெதுவாகத்தான் சொன்னான்.

சரிதான். நான் போகாமல் இருந்திருந்தால் பத்துப் பேர் என்று எவனுக்குத் தெரியும்?

செயலாளருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். செயலாளராக அதை ஏற்றுக்கொண்டேன். வருத்தத்துடன்.

13 ஏப்ரல்

நாளைக்கு மதியம் முதல் காட்சி. நான் படத்துக்கே போகப் போறதில்ல.

14 ஏப்ரல், ஞாயிறு

போனேன். மதியக் காட்சி. அவர்கள் ஒன்பது பேரும் ஒரே வரிசை. நான் நாலு வரிசை முன்னால், தனியாக, சட்டப்படி. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மேகவண்ணன் குதிரையில் வந்தார். பின்னால் ஒன்பது பேர் கைதட்டல். அதற்கும் மேலே ஒரு விசில், காது கிழிகிற விசில்! யாருடா அது?

திரும்பினேன். எங்கள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே, வாயில் இரண்டு விரலோடு, பாலகிருஷ்ணன் சார்.

எண்ணினேன். பத்து.

எழுந்து நின்றேன். "சார்! லைசென்ஸ் இருக்கா?"

"உக்காருலா, மறைக்குது!" என்றார், வாயிலிருந்து விரலை எடுத்து.

நான் உட்காரவில்லை. நின்றபடியே கை தட்டினேன்.