அரைப்பேர்

செவ்வாய்க்கிழமை, விடாத மழை

போனில் நான் விளையாடும் காதல் விளையாட்டில் எனக்கு மூன்று காதலர்கள். ஒரு டாக்டர், ஒரு பாட்டுக்காரன், ஒரு கப்பல்காரன். மூன்று பேரும் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டித்தனம். போன வாரம் இவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அவனுங்க மூணு பேருக்கும் முழுப்பேரு. கட்டுன புருசனுக்கு மட்டும் அரைப்பேரா புள்ள?”

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழு நாள் கூலி, அது முழுப்பேர்; குறைந்தால் பாதி நாள் கூலி போடுவார்களே, அந்த அரைப்பேர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“வெறும் பொம்மைங்க. இதுக்குப் போயி பொறாமைப்படுறீங்களே!” என்றேன்.

இன்று கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். சார்ஜில் கிடந்த இவருடைய போன் மினுங்கியது. அதே விளையாட்டு. நிலா என்று ஒருத்தி, “இன்னைக்கு ஏன் லேட்டு?” என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. விளையாட்டில் வேறு இரண்டு பெண்களும் வந்து பேசியிருக்கிறார்கள். “எனக்கு ஒருத்தி போதும்” என்று இருவரையும் அனுப்பிவிட்டிருக்கிறார்.

துண்டோடு வந்தவரிடம், “யாருங்க நிலா?” என்றேன்.

“வெறும் பொம்மை புள்ள.”

நான் சொன்ன அதே சொல். முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டேன். இவர் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்கு எந்தப் பக்கம் புரண்டாலும் தூக்கமில்லை.

மூன்று பேரை வைத்திருந்தால் விளையாட்டு என்று விட்டிருப்பேன். ஒருத்தியைத்தான் வைத்திருக்கிறார். அவளுக்கு முழுப்பேர்.