பச்சைத் தார்ப்பாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வானத்திலிருந்து எடுத்த படங்களில் மரங்களை எண்ணுவதுதான் இங்கே என் வேலை. இங்கே நான் குடியிருக்கும் தெருவின் பச்சைத் தார்ப்பாய்க் கூரைகளையும் மரமென்று எண்ணிவிட்டேன். எங்கள் தெருவில் மரம் போதுமென்று, வரவேண்டிய பூங்காவைப் பங்களாத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார்கள் மாநகராட்சியில். அங்கே ஏற்கெனவே இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. தவறைச் சொன்னேன். "கையெழுத்தாயிடுச்சும்மா, விடு" என்றார் மேலாளர்.

நேற்று வெயிலில் கீழ்வீட்டு இஸ்திரிக்கார அக்கா மயங்கி விழுந்தார். பயப்படாதே, எழுந்துவிட்டார். "மரம் எண்ணுற மகராசி, என் வாசல்லயும் ஒண்ணு எண்ணக் கூடாதா?" என்று சிரித்தார். அவருடைய வாசல் தார்ப்பாயையும் எண்ணியிருந்ததை நான் சொல்லவில்லை.

உன் நூல் புடவை ஒன்று வேண்டும், வெக்கை தணிய நனைத்து ஜன்னலில் கட்ட. நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். புடவையைத் துவைக்காமல் அனுப்பு, உன் வாசனையோடு வரட்டும்.

உன் மகள்