எழுதாமல் வைத்திருந்த வரிசை

என் நைனாவுக்கு,

எழுத்து வாசிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருந்தபோதும் உங்கள் முன் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்து வந்ததில்லை. காகிதத்தில்தான் எனக்கு வாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டேன். தாகம் ஒன்றும் இல்லை. நாளைக் காலை எங்கள் அதிகாரி சித்தூர் ஜில்லா ஆபீசுக்கு ஒரு பெயரை எழுதி அனுப்பப்போகிறார். போர் முடிந்துவிட்டது, அரிசிக் கட்டுப்பாடும் தளர்கிறது, இனி ரேஷன் ஆபீசுக்கு இத்தனை பேர் எதற்கு என்கிறார்கள். கார்டுகளைப் பார்க்க நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

இன்னொருவர் கோதண்டம். பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதல் சலுகை. எனக்கு இருப்பது ஒரு பி.ஏ.வும் ஓர் அலமாரியும்தான்.

ஒவ்வொரு குடும்பத்தின் கார்டுக்கும் ஒரு பிரதி அந்த அலமாரியில் இருக்கிறது. நம் பக்கத்தில் பாதிப் பேர் தணிகாசலம், மீதிப் பேர் வள்ளியம்மா, நான் உட்பட. கார்டு நம்பரை நினைவில் வைத்துக்கொண்டு யார் வருகிறார்கள்? அதனால் தெலுங்குக் குடும்பங்களை வீட்டுப் பெயராலும், மற்றவர்களை ஊரார் கூப்பிடும் பெயராலும் அடுக்கினேன். செக்குமேட்டுத் தணிகாசலம், கிணற்றடி வள்ளியம்மா என்று. யார் வந்து நின்றாலும் உடனே எடுத்துவிடுவேன். அந்த வரிசையை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

"இன்னா பி.ஏ. அம்மா, அலமாரிக்குள்ள இன்னா மந்திரம் போட்டு வெச்சிகினு கீறீங்க?" என்பார் கோதண்டம். "எங்களுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்களேன்."

நான் சிரிப்பேன். சொல்லமாட்டேன்.

அது உங்களைப் பார்த்துப் பழகியது, நைனா. தாலுகா கச்சேரியில் பழைய காகிதக் கட்டுகள் இருக்கும் அறையில்தானே உங்களுக்கு வேலை? நான் சின்னவளாக இருந்தபோது விலையெல்லாம் விழுந்து வந்த மந்த காலத்தில் எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், உங்களைத் தொடவில்லை. எந்தக் கட்டு எந்த மூலையில் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "எங்க கீதுன்னு கேக்காதீங்க சாமி, இன்னா வேணும்னு கேளுங்க" என்பீர்கள். துணியின் நிறமும் முடிச்சும் பார்த்தே எடுத்துவிடுவீர்கள். நீங்கள் போன பிறகு ஒரு கட்டைத் தேட அவர்களுக்கு மூன்று நாள் ஆனதாம். அம்மாவும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம். அந்த மூன்று நாளும் அந்தக் கட்டுக்காக வெளியே காத்து நின்றது யார்? நாங்கள் கேட்கவே இல்லை.

போன வாரம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் போனால், திருவாலங்காட்டிலிருந்து ஒரு பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் தன் கார்டில் சேர்க்க வந்தவள். வீட்டுப் பெயரைக் கேட்டேன், கார்டை எடுத்தேன். அவ்வளவுதான் வேலை.

"இதுக்கா தாயி? முந்தாநேத்தும் வந்தேன், நேத்தும் வந்தேன். பொழுது வெளுக்கசொல்ல கிளம்பி வர்றேன். அந்தம்மா வந்தாத்தான் ஆவும்னு சொல்லிட்டாங்கோ. உனக்கு ஜொரம் வந்தா எங்க வூட்ல புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

கேட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஐய, இன்னும் சுடுதே. ஏம்மா வந்தே?"

அந்தக் கையின் ஈரம் இன்னும் நெற்றியில் இருப்பது போலிருக்கிறது. உங்களுக்கு எழுதத் தெரியாது, அதனால் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்துகொள் என்றுதான் என்னைப் பட்டணத்துக் கல்லூரி வரை அனுப்பினீர்கள். நான் தெரிந்தே எழுதாமல் இருந்தேன். இரண்டும் ஒன்றா, நைனா?

நேற்றும் இன்றும் உட்கார்ந்து அலமாரியின் வரிசை முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். கோதண்டத்துக்கும் புரியும்படி, தட்டுத் தட்டாக. நாளை அந்தப் பெயர் போவதற்கு முன்னால் அதை அதிகாரியின் மேசையில் வைத்துவிடுவேன், இது சத்தியம். அதன் பிறகு என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? தெரியவில்லை. எழுதி முடித்ததிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அம்மா இதில் எதையும் அறியாள். "எம்பொண்ண எவனும் அசைக்க முடியாது, அவ இல்லாட்டி அந்த பீரோ வாயே தொறக்காது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் அடிக்கடி கனவில் வந்து மோர் கேட்பதாக அம்மா சொல்கிறாள். உள்ளே இப்போது கண்ணயர்ந்திருக்கிறாள். இன்று வந்தால், மோர் குடித்துவிட்டு, நோட்டைப் பற்றி நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது. நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் அவளை எழுப்பமாட்டேன்.

உங்கள் பெண்,
வள்ளியம்மா